பாவம் பார்த்து விற்கப்படும்

என் அக்காவுக்கு வேலை மன்னிப்புக் கேட்பது. வாஷிங் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சட்டையைக் கிழித்துவிட்டது, தண்ணீரைக் கக்கிவிட்டது, தானாகவே நகர்ந்து வாசல்வரை வந்துவிட்டது என்று ஊரிலுள்ள மெஷின்கள் செய்கிற அக்கிரமத்துக்கெல்லாம் இவள்தான் வருந்த வேண்டும். "உங்க வருத்தம் எங்களுக்கு முழுசா புரியுது சார்" என்று அவள் குழைந்து சொன்னால் எரிமலையும் அணைந்துவிடும். திட்டுவதற்கென்றே ஃபோன் செய்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். மெஷின் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு சாயங்காலம் மழைக்கு ஒதுங்கப்போய், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தாள். வாசலில் நாய்ச் சங்கிலி, பூனைக்கு மெத்தை, கிளிக்கு ஊஞ்சல். நாய்க்குட்டி படுத்திருந்த கூண்டுக்கு மின்விசிறிகூட உண்டு. மீன்கள் கடைசியில், கழிவறைக் கதவை ஒட்டி. பரிசோதனைக் கூடத்துக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போனால் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்களே, அந்த மாதிரி டப்பாக்களில் ஃபைட்டர் மீன்களை டப்பாவுக்கு ஒன்றாய் அடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். தண்ணீரின் நிறமும் ஏறக்குறைய அதே. மீன் திரும்ப வேண்டுமென்றால் வாலை மடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தொட்டியில் தங்க மீன்கள். அதில் ஒன்று வயிற்றைக் காட்டி மிதந்தது.

கடைக்காரருக்கு எப்போதும் சிரித்த முகம். பிறகு எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'சிரிச்சமுகம்' என்றாகிவிட்டது.

"அண்ணே, இந்தத் தொட்டியில ஒண்ணு செத்துக் கெடக்குது."

எட்டிப் பார்த்தார். "தூங்குதும்மா."

"மல்லாக்கவா?"

"ஏன், நீங்க குப்புறத்தான் படுப்பீங்களா?"

"மத்ததெல்லாம் சேர்ந்து அதைக் கொத்துதேண்ணே!"

"எழுப்புதுங்கம்மா. அதுங்களுக்குள்ள அவ்வளவு ஒத்துமை."

அக்கா விடவில்லை. டப்பா சின்னது, தண்ணீர் நாறுகிறது, மீன் மூச்சுக்குத் தவிக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "உங்க வருத்தம் எனக்கு முழுசா புரியுதும்மா" என்றார்.

"என் வசனத்தை என்கிட்டயே பேசிட்டான்டி!" வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. கையில் ஒரு டப்பா இருந்தது. உள்ளே, ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கக்கூடிய ஒரு மீன், அடியில் சாய்ந்து கிடந்தது. இருப்பதிலேயே மோசமானதாகப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர் என்பதால் வீட்டில் அசைய மாட்டார். பேச்சும் அளந்துதான்.

"சாகப்போற மீனைக் காசு குடுத்தா வாங்கின?"

"அதுவும் உயிருதானேங்க."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. எழுந்துபோய், எப்போதோ ஒரு லிஃப்டின் கூரையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பெரிய கண்ணாடி விளக்கு மூடியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்தார்.

அந்த மீன் அன்றைக்கே செத்துத் தொலைந்திருந்தால் இந்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அது பிழைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரும் இரையும் கிடைத்ததும் ஒரு வாரத்தில் மயில் கழுத்துபோல ஒரு நீலம் ஏறியது. நிமிர்ந்து, வாலை விரித்து, மாமாவைப் பார்த்து மார்தட்டியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருடமாக மன்னிப்பு மட்டுமே கேட்டுவந்தவளுக்கு, முதல்முறையாக ஒன்று நிஜமாகவே சரியாகியிருந்தது.

ஆசை யாரை விட்டது? அடுத்த சம்பளத்தில் இன்னொரு மீன். பிறகு வாரம் ஒன்று. அப்புறம் கணக்கு விட்டுப்போயிற்று. ஃபைட்டர்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பதால் தலைக்கு ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. ஜாடி போயிற்று, ஜக்கு போயிற்று, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணங்கள் போயின. எதிர் வீட்டில் குடியிருக்கும் நான் ஒரு நாள் அங்கே போய்க் காப்பிக்குப் பால் சுடவைக்கலாம் என்று மிச்சமிருந்த ஒரே குண்டானின் மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒருவர் முறைத்தார்.

நடுநடுவே அக்கா அதிகாரிகளையும் விட்டுவைக்கவில்லை. மாநகராட்சிக்கு ஃபோன் செய்தாள். பிராணிகள் பிரிவில் ஒருவர், "நாங்க நாய், மாடு பாக்கறோம்மா. மீன்வளத்துறையைக் கேளுங்க" என்றார். மீன்வளத்துறையில் ஓர் அம்மாள், "சாப்பிடற மீனா, பாக்கற மீனா?" என்று கேட்டார். பார்க்கிற மீன் என்றதும், "நாங்க சாப்பிடறதுக்கு மட்டுந்தான்" என்று வைத்துவிட்டார். எந்த அலுவலகத்திலும் யாரும் கோபப்படவில்லை. எல்லாருக்கும் அவளுடைய வருத்தம் முழுசாகப் புரிந்திருந்தது.

இதற்குள் அக்காவின் மீன் கதை அவள் ஆபீசில் பரவியது. முதலில் பிடித்துக்கொண்டவர் மேற்பார்வையாளர். எல்லாரும் அவரை மேடம் என்றுதான் சொல்வார்கள். அவர் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கேள்வி. மேடம் ஒரு நோஞ்சான் மீனை வாங்கி, 'முன்பு' என்று ஒரு படமும் 'பின்பு' என்று ஒரு படமும் எடுத்துப் போட்டார். ஊரே உருகியது. உடனே ஒரு குழு உருவானது. பெயர், மீனுயிர் மீட்புக் குழு. குழுவுக்கு மேடமே தலைவி. நல்ல மீனை வாங்குகிறவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று குழுவில் ஏசினார்கள். யார் வாங்கிய மீன் அதிக நோஞ்சான் என்பதில் போட்டியே நடந்தது. செதில் உதிர்ந்ததற்குப் பாராட்டு குவிந்தது. ஒற்றைக் கண் மீன் கிடைத்தவர் ஒரு மாதம் தலைகால் புரியாமல் நடந்தார்.

சிரிச்சமுகம் என்ன லேசுப்பட்டவரா? அவரும் கவனித்தார். நோஞ்சான் மீன்கள் கழிவறைக் கதவை விட்டு வாசலுக்கு இடம்பெயர்ந்தன. மேலே ஒரு பலகை: 'எங்களைக் காப்பாற்ற யாருமே இல்லையா?' பக்கத்தில் கண்ணீர் விடும் மீனின் படம். தண்ணீருக்குள் இருக்கிற மீன் அழுதால் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நலமான மீனைவிடச் சாகக் கிடக்கும் மீனுக்கு விலை அதிகம். முன்பு ஒரு தட்டில் இருந்த டப்பாக்கள் இப்போது ஒரு சுவர் முழுக்க ஏறின.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மீன் இரை வாங்க அக்கா என்னை அனுப்பினாள். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள்; மூக்குக் கண்ணாடி விற்பதால் எனக்குக் கொஞ்சம் கண் கூர்மை என்று நானே சொல்லிக்கொள்வேன். சிரிச்சமுகத்துக்கு என்னைத் தெரியாது. கடையின் பின்பக்கம், திரைக்குப் பின்னால், தரையில் ஒரு வரிசை டப்பாக்கள் இருந்தன. அதில் ஒன்றில் ரத்தச் சிவப்பாய் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தச் சிவப்பைக் குடுங்களேன்."

"அது இன்னும் வாடலைங்க" என்றார்.

"வாடலைன்னா?"

"பாருங்க, எப்படிக் குதிக்குது! நல்லா இருக்கறதை யாருங்க வாங்கறா? இப்பல்லாம் வாடினதுதான் போகுது. நேத்துதான் தொட்டியில இருந்து டப்பாவுக்கு மாத்தினேன். இரை போடறதில்ல, தண்ணி மாத்தறதில்ல. அடுத்த வாரம் வாங்க, பாத்தாலே உங்களுக்கு அழுகை வந்துடும்."

காய் இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லும் பழக்கடைக்காரரின் அதே கரிசனம். முகத்தில் அதே சிரிப்பு. இரைக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கிண்ணங்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் குழாயை மூடினாள்.

"அப்ப இதுங்களையெல்லாம் நான் காப்பாத்தலையா?"

"இதுங்களைக் காப்பாத்தினே. இதுங்க இடத்துக்கு வேற மீனை வாட வெக்கச் சொல்லி ஆர்டரும் குடுத்துட்டு வந்திருக்கே."

நான் அவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம். அவள் ஈரக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாமாதான் செய்தித்தாளை மடித்துவிட்டு, அவர் அளவுக்கு ஒரு பிரசங்கமே செய்தார்.

"கீழ நின்னு ஒருத்தன் பட்டனை அமுக்கினா மேல நிக்கற லிஃப்ட் கீழ வரும். அமுக்கறதை நிறுத்து. வராது."

மறுநாள் அக்கா மேடமிடம் போய்ச் சொன்னாள். இனி யாரும் வாங்க வேண்டாம், வாங்குவதால்தான் வாட்டுகிறார்கள் என்று. மேடம் குழுவைக் கூட்டினார். அக்காவை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"அப்ப அங்க இருக்கற மீனெல்லாம் சாகட்டும்ங்கறீங்களா?"

"நாலு மீனை வாங்கிட்டா எல்லாம் தெரிஞ்ச மாதிரியா?"

"நாங்க நல்லது செய்யறது உங்களுக்கு ஏன் பொறுக்கலை?"

"நேரில் பார்த்தால்தான் நம்புவேன்" என்று மேடம் தீர்ப்பளித்தார். அவர் கோபம் வந்தால் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்.

சரி, நேரிலேயே காட்டுவது என்று முடிவாயிற்று. கடையில் நாய்த் தீனி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். சிரிச்சமுகம் கிளிக்கூண்டு விலை பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அக்காவும் மேடமும் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்கள். நான் முன்னால் போனேன்.

"அண்ணே, அன்னிக்கு ஒரு செகப்பு மீன் பாத்தேனே, வாடிடுச்சா?"

"அட, அது ரொம்பக் கெட்டி உசுருங்க! இன்னும் துள்ளிக்கிட்டே இருக்கு. ஆனா உங்களுக்காகவே டப்பாவை வெயில்ல வெச்சிருக்கேன். இன்னும் ரெண்டே நாள் பொறுத்துக்குங்க."

மூட்டைக்குப் பின்னாலிருந்து மேடம் வெளியே வந்தார். புடவையெல்லாம் தீனித் தூள். முகம் சிவந்திருந்தது. இன்றைக்குச் சிரிச்சமுகத்தின் சிரிப்பு கிழியப்போகிறது என்று நான் ஒரு அடி பின்வாங்கி இடம்விட்டேன்.

"இரண்டு நாளா?" என்றார் மேடம். "கூடவே கூடாது. வாடுவதற்கு முன்பே அதை நான் காப்பாற்றுகிறேன். இப்போதே எடுங்கள். என்ன விலை?"

சிரிச்சமுகம் ஒரு கணம்தான் திகைத்தார். வியாபாரி அல்லவா? "வாடாததுக்கு வெலை கொஞ்சம் கூடுதல் மேடம். அது படப்போற கஷ்டத்தையும் சேர்த்துல்ல காப்பாத்தறீங்க!"

மேடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், கருணையில் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்கிற பார்வை. அந்த வாரமே கடைவாசலில் இரண்டாவது பலகை ஏறியது: 'வாடும் முன் காப்பீர்!' குழுவினர் முந்தியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அக்கா வாங்குவதை நிறுத்தினாள். பேசும்போது சுலபமாக இருந்தது, செய்யும்போது அப்படி இல்லை. ஆபீசிலிருந்து வரும் வழியில் தினமும் கடைக்குள் போவாள். கீழ்வரிசையில் சாம்பல் நிறத்தில், வால் கிழிந்த ஒரு மீன் இருந்தது. அவளைப் பார்த்ததும் டப்பாவின் சுவரில் வந்து மூக்கை ஒட்டிக்கொள்ளும். பார்ப்பாள். வாங்க மாட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள். மாமா ஒரு நாள் தாங்காமல், "அந்த ஒண்ணை மட்டும் வாங்கிட்டு வந்துடு போ" என்றார். "அந்த ஒண்ணு, அந்த ஒண்ணுன்னுதானேங்க இத்தனையும் வந்துச்சு" என்றாள். மறுநாள் அவள் போனபோது அந்த இடத்தில் வேறு மீன் இருந்தது. பழையது எங்கே என்று கேட்டாளாம். "தூங்கிடுச்சும்மா" என்று சிரித்தாராம்.

அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை. "நான் வாங்கியிருந்தா அது இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதானே.

அடுத்த நாள் சாயங்காலத்திலிருந்து அவள் கடைக்குள் போய்த் திரும்பிவிடாமல் அங்கேயே நிற்க ஆரம்பித்தாள்.

"சண்டை போடப்போறியா? அந்த ஆள் சிரிச்சே ஆளை விழுங்கிடுவான்" என்றேன்.

"கத்தறவங்களுக்கு நாங்க பயப்படறதே இல்லடி" என்றாள். "அரை மணி கத்திட்டு அவங்களே ஓஞ்சு போயிடுவாங்க. மரியாதையாப் பேசிக்கிட்டே, ஃபோனை மட்டும் வெக்காம இருப்பாங்க பாரு சில பேர், அவங்க வந்தாத்தான் எங்களுக்கு வயித்தைக் கலக்கும்."

அதையேதான் செய்தாள். டப்பாச் சுவரின் அருகில் நிற்பாள். யாராவது ஒரு டப்பாவைக் கையில் எடுத்தால், தேன் ஒழுகும் அந்த ஆபீஸ் குரலில் சொல்வாள்: "இது நல்லா இருந்த மீனுங்க. நீங்க பாவம் பாக்கணும்னுதான் பட்டினி போட்டிருக்காங்க. நீங்க வாங்கிட்டுப் போனா இதே எடத்துக்கு நாளைக்கு இன்னொண்ணு வரும். சிரமத்துக்கு மன்னிக்கணும்."

சிலர் அவளைப் பைத்தியம் என்று விலகினார்கள். சிலர் டப்பாவைத் திரும்ப வைத்தார்கள். சிரிச்சமுகம் அவளை வெளியே போகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டாள். நடைபாதை அவர் அப்பன் வீட்டுச் சொத்தில்லையே. வாசலைக் கழுவுகிறேன் என்று காலில் தண்ணீரை ஊற்றினார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதே குரலில் பேசினாள். பாட்டுப் பெட்டியை அலறவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைத்தான் சண்டைக்கு வந்தார்கள். கடைசியாக நாய்க்குட்டியை அவிழ்த்துவிட்டார். அது ஓடிவந்து அக்காவின் காலடியில் படுத்துக்கொண்டது.

மழை பெய்த நாட்களில் மாமா வேலை முடிந்து நேராக அங்கே போய், ஒன்றும் பேசாமல் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்காவை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. இப்போது தினமும் ஒன்றாக நின்றார்கள்.

சிரிச்சமுகத்துக்குக் கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அக்கா கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையில் கம்பெனி பெயர் இருந்தது. வேலைக்கு வேட்டு வைத்தால் தானாக அடங்குவாள் என்று, கம்பெனியின் புகார் எண்ணுக்கு ஃபோன் போட்டார். அன்று பணியில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அழைப்பு அக்காவின் காதில் வந்து விழுந்தது.

"வணக்கம். உங்களுக்கு நான் எப்படி உதவலாம் சார்?"

"உங்க கம்பெனியில வேலை செய்யற ஒரு பொம்பளையைப் பத்திப் புகார் குடுக்கணும்!"

அக்காவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் சார். நடந்ததை முழுசா சொல்லுங்க."

அவர் கொட்டித் தீர்த்தார். தினமும் வருகிறாள், நிற்கிறாள், பேசுகிறாள்.

"கெட்ட வார்த்தை ஏதாவது பேசறாங்களா சார்?"

"அப்படிப் பேசினாத்தான் தேவலையே! மரியாதையா பேசறா. அதான் தாங்கலை."

"பொய் ஏதாவது சொல்றாங்களா?"

"அது... பொய்யுன்னு இல்ல. ஆனா வியாபாரத்துல எல்லாத்தையும் வெளிய சொல்லலாமா?"

"உங்க வருத்தம் எங்களுக்கு முழுசா புரியுது சார். இதனால உங்களுக்கு என்ன பாதிப்புன்னு சொன்னா பதிவு செஞ்சுக்குவேன்."

"என்ன பாதிப்பா? ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான்! வாட வெச்சதெல்லாம் அப்படியே கெடக்கு. புதுசா எறக்கறதையே நிறுத்திட்டேன்!"

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாளாம். இத்தனை நாளும் நின்றதில் ஏதாவது பலன் உண்டா என்று அவளுக்கே தெரியாது. அதைச் சொல்ல எதிரியே ஃபோன் செய்ய வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் மட்டும் ஒரு பிசிறும் இல்லை.

"உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டேன் சார். இந்த விஷயத்தைச் சம்பந்தப்பட்ட ஊழியரோட கவனத்துக்கு இப்பவே கொண்டுபோயிட்டேன்."

"இப்பவேவா?"

"இப்பவேதான் சார். அவங்க தொடர்ந்து வருவாங்கன்னு தெரிவிக்கச் சொன்னாங்க."

சிரிப்பே இல்லாத ஒரு குரல் வந்தது: "யம்மா... நீங்களா?"

"உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"உங்களுக்கு என்னதான்மா வேணும்? வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்க!"

சொன்னாள். டப்பாக்கள் போக வேண்டும், வாசலில் மட்டுமல்ல, திரைக்குப் பின்னாலும். மீன்கள் தொட்டியில் இருக்க வேண்டும், ஃபைட்டர்களுக்கு நடுவே கண்ணாடி வைத்துத் தடுக்க வேண்டும். இரை, சுத்தத் தண்ணீர். செத்ததை எடுத்துப் போட வேண்டும், தூங்குகிறது என்று சொல்லக்கூடாது. இவ்வளவு இடத்துக்கு எங்கே போவேன் என்று அவர் புலம்பினார். "இருக்கற எடத்துக்கு ஏத்த மாதிரி மீன் வாங்குங்க சார். எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி" என்று அக்கா வைத்தாள்.

அங்கே எல்லா அழைப்புகளும் பதிவாகும். ஊழியர்மீது புகார் என்பதால் இந்தப் பதிவு மேடத்தின் மேஜைக்குப் போயிற்று. அக்காவுக்கு வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். ஆனால் மேடத்துக்கும் சிரிச்சமுகத்துக்கும் இதற்குள் ஆகாமல் போயிருந்தது. வாடும் முன் காப்பாற்றிய அந்தச் சிவப்பு மீனை மேடம் தன் வீட்டு வரவேற்பறைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒடுக்கமான பூ ஜாடியில் போட்டிருக்கிறார். கடையில் வாடாதது அங்கே வாடிச் செத்தது. வேறு மீன் கொடு என்று கேட்கப்போனவரிடம் சிரிச்சமுகம், "உத்தரவாதம் கருணைக்குத்தான் மேடம், மீனுக்கில்ல" என்று சொல்லிவிட்டாராம். மேடம் பதிவை முழுக்கக் கேட்டார். பணிவு உண்டு, வருத்தம் தெரிவித்தாயிற்று, வேறு உதவி வேண்டுமா என்று கேட்டாயிற்று, நன்றி சொல்லியாயிற்று. விதிப்படி ஒரு குறையும் இல்லை. முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டார். மீனுயிர் மீட்புக் குழு அதன்பிறகு புறாக்களின் பக்கம் திரும்பிவிட்டது. புறாக்களுக்கு நல்ல காலம் பிறக்கட்டும்.

சிரிச்சமுகம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. டப்பாச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்தது. அக்கா திரையை விலக்கிப் பார்க்காமல் திரும்ப மாட்டாள். நல்ல நிறமும் விரித்த வாலுமாக மீன் நீந்தினால் கேட்ட விலை கொடுக்க ஆளிருக்கிறது என்று அவர் கண்டுபிடித்த பிறகுதான் வேலை வேகமாக நடந்தது. மனசாட்சி என்று தயவுசெய்து யாரும் எழுதிவிட வேண்டாம். முழுக்க முழுக்க லாபம்தான்.

போன சனிக்கிழமை அக்காவோடு நானும் போயிருந்தேன். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், விளக்கு, பச்சைச் செடி. ஒரு தம்பதி மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிச்சமுகம் தொட்டியைத் தடவியபடி அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"சின்ன டப்பாவுல மீன் வளக்கறது பாவம்ங்க. மத்த கடையில எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. எனக்கு மனசு கேக்காது. மீனும் உயிருதானே?"

அந்த அம்மாள் உருகிப்போனார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சொல்லட்டும் விடுடி. தெனமும் சொன்னா வாய் பழகும், வாய் பழகினா ஒருவேளை கையும் பழகும்."

பிறகு அவள் அந்தத் தொட்டியின் அருகே போய்க் குனிந்து, தண்ணீரை உற்றுப் பார்த்து, தேனொழுகும் குரலில் சொன்னாள்:

"அண்ணே, இதுல காத்து மோட்டார் ஓடலை."

சிரிச்சமுகம் சிரித்தபடியே சுவிட்சைப் போட ஓடினார்.